எத்தனை கைகள் வேண்டும்?

புதுவை வட்டாரத்தின் தெற்கே, தென்பெண்ணையாற்றுப் பக்கமாக அமைந்திருக்கும் ஊர் குருவிநத்தம். அவ்வூரைத் தன்னகத்தே கொண்ட பாகூர்ப் பகுதியைப் புதுவையின் நெற்களஞ்சியம் என்று சொல்வது வழக்கம். சம்பாப் பருவத்திலே அவ்வூர் வரப்பின்மீது ஒரு காலைப்பொழுது நின்று பார்ப்போருக்கு, கணினி விஞ்ஞானத்தின் கடினமான பாடம் ஒன்று மிக எளிதில் விளங்கிவிடும் என்று நான் சொன்னால், மாணவ நண்பர்களாகிய நீங்கள் வியப்படையக்கூடும். அப்பாடத்தையே இன்று உங்களோடு சேர்ந்து படிக்க விரும்புகிறேன்.

நடவுக்கு ஆள் சொல்ல ஒருவர் புறப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். எத்தனை பேருக்குச் சொல்வது? நிலம் ஒரு காணியா, இரண்டு காணியா என்று முதலில் பார்க்கிறார். நாற்றங்காலில் நாற்று பறித்தாயிற்றா, நாற்று முடிகளை எடுத்துக் கொடுக்க ஆள் உண்டா, வயலில் நீர் நிற்கிறதா, பக்கத்து வயலிலும் அதே நாளில் நடவு உண்டா, கையில் கூலிக்குப் பணம் எவ்வளவு என்பவற்றையெல்லாம் எண்ணிப் பார்க்கிறார். பிறகுதான் பத்துப் பேர் என்றோ, பன்னிரண்டு பேர் என்றோ முடிவு செய்கிறார். அந்த வயலைக் கண்ணாலும் பாராத ஒருவர், எங்கோ தொலைவிலுள்ள நகரத்தில் அமர்ந்துகொண்டு, “எந்த வயலாயினும் முப்பது பேர் இறங்கி நடுக” என்று விதி வகுத்தால் நாம் நகைக்கமாட்டோமா?

ஆனால், நம் மேசைமீதுள்ள கணினியில் இத்தகைய விதி நாள்தோறும் நடைமுறையில் இருக்கிறது. நாம் இயக்கும் நிரல்களிற் பல, கணினியின் வேலை செய்யும் கைகள் அனைத்தையும் நம்மைக் கேளாமலே எடுத்துக்கொள்கின்றன. வேறு சில, எத்தனை கைகள் இருந்தாலும் ஒன்றை மட்டுமே பயன்படுத்திவிட்டு மற்றவற்றைச் சும்மா இருக்கச் செய்கின்றன. எத்தனை கைகள் வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை யாருக்குரியது? நிரலை எழுதியவருக்கா, அதைப் பயன்படுத்துவோருக்கா? இதுவே நம் கேள்வி.

கணினிக்குப் பல கைகள் எப்படி வந்தன என்பதை முதலில் காண்போம். கணினியின் மூளை என்று சொல்லத்தக்க நுண்செயலி, 1971-ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 4004 என்ற சிறு சில்லுடன் விற்பனைக்கு வந்தது. அடுத்த 30 ஆண்டுகளுக்கு மேலாக, நுண்செயலியின் துடிப்பு வேகத்தை உயர்த்திக்கொண்டே போவதுதான் முன்னேற்றத்தின் முக்கியமான வழியாக இருந்தது. 2004-ஆம் ஆண்டளவில் அவ்வேகம் ஒரு நொடிக்கு 380 கோடித் துடிப்புகள் வரை சென்றது. அங்கே ஒரு பெருந்தடை எதிர்ப்பட்டது. அத்தடை வெப்பம். வேகத்தை மேலும் கூட்டினால் விரல் நகமளவேயான சில்லில் உண்டாகும் சூட்டைத் தணிப்பது பெரும்பாடாகிவிட்டது. எனவே, ஒரே கையை மேன்மேலும் விரைவாக ஆட்டுவதை விட்டு, ஒரே சில்லில் பல கைகளை அமைக்கும் வழியை நாடினார்கள். அவ்வாறு அமைந்த ஒவ்வொரு கையும் ‘கோர்’ எனப்படும். ஐ.பி.எம். நிறுவனம் 2001-இல் இரண்டு கோர்கள் கொண்ட சில்லை வெளியிட்டது. 2005-இல் அவ்வமைப்பு தனிமனிதர் கணினிகளுக்கும் வந்து சேர்ந்தது. இன்று நாம் பையில் வைத்திருக்கும் கைப்பேசியிலே எட்டுக் கோர்கள் இருப்பது சாதாரணமாகிவிட்டது.

பல கைகளைச் சேர்த்து வேலை வாங்கும் கலை நம் நாட்டுக்குப் புதியதன்று. உயர்திறன் கணினிகளை வெளிநாட்டிலிருந்து பெறுவதில் தடைகள் ஏற்பட்ட காலத்தில், 1988-இல் சி-டாக் என்னும் அரசு நிறுவனம் தோன்றியது. விஜய் பட்கர் தலைமையில் புனே நகரத்து விஞ்ஞானிகள் 1991-இல் ‘பரம் 8000’ என்னும் கணினியை உருவாக்கினார்கள். மிகப்பெரிய செயலி ஒன்றைத் தேடி அவர்கள் அலையவில்லை. சந்தையில் கிடைத்த சிறு செயலிகள் பலவற்றை இணைத்து, ஒரே வேலையைப் பகிர்ந்து செய்யும்படி அமைத்தார்கள். அன்று ஆய்வுக்கூடத்தில் மட்டும் இருந்த அக்கருத்து இன்று மாணவர் ஒவ்வொருவரின் மடிக்கணினியிலும் குடிகொண்டிருக்கிறது.

கோர் என்பது கை என்றால், அந்தக் கைக்கு இடப்படும் வேலைத்தொடரே ‘இழை’. ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேற்றப்படும் கட்டளைகளின் வரிசையை ஓர் இழை என்கிறோம். ஒரு நிரல் தன் வேலையைக் கூறுபோட்டுப் பல இழைகளாக நடத்தலாம். நான்கு கோர்கள் இருந்து நான்கு இழைகள் நடந்தால் கைக்கு ஒன்றாக அமையும். நான்கு கோர்களுக்குப் பதினாறு இழைகள் வந்துவிட்டால், ஒவ்வொரு கோரும் ஓர் இழையைச் சிறிது பார்த்து, அதைக் கீழே வைத்து, மற்றொன்றை எடுத்து, மீண்டும் முதலாவதற்குத் திரும்ப வேண்டும். எடுப்பதும் வைப்பதுமாகவே காலத்தின் ஒரு பகுதி கழிந்துவிடும்.

இன்னொரு நுட்பத்தையும் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். ஒரே கோர் இரண்டு இழைகளை ஏககாலத்தில் ஏந்தி நடத்தும் முறையை இன்டெல் நிறுவனம் 2002-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இம்முறையமைந்த கணினியில் உண்மையான கோர்கள் நான்கே இருக்க, எட்டு என்று திரையில் தோன்றும். எட்டையும் முழுக் கைகள் என்று நம்பி எட்டு இழைகளை ஏவும் நிரல், இருமடங்கு பயன் கிடைக்கும் என்று எதிர்பார்த்து ஏமாறும்.

“கைகள் கூடினால் வேலை விரைவில் முடியத்தானே வேண்டும்? பிறகு ஏன் எண்ணிக்கையைப் பற்றி இத்தனை ஆராய்ச்சி?” என்று நீங்கள் கேட்கலாம். மீண்டும் வயலுக்கே வருவோம். பரம்படித்துச் சேற்றைச் சமன் செய்யும் வேலையை ஒருவர்தாம் செய்ய முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது முடியும்வரை, நடவுக்கு வந்தவர்கள் பத்துப் பேராயினும் நூறு பேராயினும் வரப்பில் நிற்க வேண்டியதுதான். கணினியின் வேலையிலும் இத்தகைய பகுதி உண்டு. இவ்வுண்மையை 1967-ஆம் ஆண்டிலேயே ஜீன் ஆம்டால் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் எடுத்துக்காட்டினார்.

ஒரு வேலை ஒரு கோருக்கு 100 நிமிடம் பிடிக்கிறது. அதில் 10 நிமிட வேலை பகிர முடியாதது. எஞ்சிய 90 நிமிட வேலை பகிரத்தக்கது என்று கொள்வோம். இரண்டு கோர்கள் சேர்ந்தால் 10-உம் 45-உமாக 55 நிமிடத்தில் முடியும். நான்கு சேர்ந்தால் 32½ நிமிடம். எட்டு சேர்ந்தால் 21 நிமிடத்துக்குச் சற்று மேல். பதினாறு சேர்ந்தால் ஏறக்குறைய 16 நிமிடம். முதல் கையோடு இரண்டாவது கை சேர்ந்தபோது 45 நிமிடம் மிச்சமாயிற்று. எட்டுக் கைகளோடு இன்னும் எட்டைச் சேர்த்த பிறகும் மிச்சமானது ஆறு நிமிடத்துக்கும் குறைவே. ஆயிரம் கோர்களைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் அந்தப் பத்து நிமிடத்துக்குக் கீழே போக வழியில்லை.

இஃது ஒரு தடை. மற்றொரு தடையை வாய்க்காலிலே காணலாம். தென்பெண்ணையின் நீரைப் பாகூர் ஏரிக்குக் கொண்டுவருவது பங்காரு வாய்க்கால். ஏரியிலிருந்து மதகுகள் வழியே வயல்களுக்கு நீர் போகிறது. வாய்க்காலில் வரும் நீர் ஓர் அளவினது என்றால், மடைகளை இரட்டித்துத் திறப்பதனால் நீர் இரட்டிப்பாகிவிடுமா? ஒவ்வொரு மடைக்கும் பாயும் நீர் மெலியுமேயன்றி வேறில்லை. கணினியின் நினைவகத்துக்கும் கோர்களுக்கும் இடையே இத்தகைய வாய்க்கால் ஒன்று இருக்கிறது. கணக்கு குறைவாகவும், எடுத்துப் படிக்க வேண்டிய செய்தி மிகுதியாகவும் உள்ள வேலைகளில், இரண்டு மூன்று இழைகளே அந்த வாய்க்காலை நிரப்பிவிடும். அதற்கு மேல் வரும் இழைகள் காத்திருக்கத்தான் செய்யும்.

இனி, நம் தமிழுக்கு நெருக்கமான ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். பழைய தமிழ் நூல்களைக் கணினியில் ஏற்றும் பணி சில பத்தாண்டுகளாக நடந்துவருகிறது. 1998-ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், உலகின் பல பகுதிகளிலிருந்த தன்னார்வலர்கள் நூல்களைத் தாமே தட்டச்சு செய்து அளித்தார்கள். இன்று, அச்சிட்ட பக்கத்தின் படத்தைப் பார்த்து எழுத்துகளை அடையாளம் காணும் நிரல்களும் துணைக்கு வந்துள்ளன. அவற்றுள் புகழ்பெற்றது டெசராக்ட். ஹியூலெட்-பேக்கர்ட் நிறுவனத்தில் 1980-களில் பிறந்து, 2005-இல் யாவரும் எடுத்தாளும்படி வெளியிடப்பட்ட இந்நிரல் தமிழையும் படிக்கும். 2018-இல் வெளிவந்த அதன் நான்காம் பதிப்பு, ஒரு பக்கத்தைப் படிக்க நான்கு இழைகள் வரை தானாகவே பயன்படுத்தும்படி அமைந்தது.

பாகூர்ப் பகுதி மாணவி ஒருத்தி, 200 பக்கங்கள் கொண்ட பழைய நூல் ஒன்றை இந்நிரலைக் கொண்டு படிக்க வைக்கிறாள் என்று கற்பனை செய்வோம். அவள் கணினியில் நான்கு கோர்கள். ஓர் இழை ஒரு பக்கத்தைப் படிக்க 8 நொடி ஆகிறது. நான்கு இழைகள் ஒரே பக்கத்தின்மேல் விழுந்து படித்தால் 2 நொடியில் முடிந்துவிடுமா? முடியாது. ஒருவர் முடித்ததை மற்றவர் எதிர்பார்த்து நிற்பதும், பகிர்வதும், மீண்டும் சேர்ப்பதுமாகக் காலம் கழிந்து, 4 நொடி ஆகிறது என்று கொள்வோம். அப்படியானால் 200 பக்கங்களுக்கு 800 நொடி. அவளோ வேறு வழியைச் சிந்திக்கிறாள். “ஒரு பக்கத்தை நால்வர் படிப்பானேன்? ஆளுக்கொரு பக்கத்தைக் கொடுத்துவிடுவோமே!” நிரலை நான்கு தடவை ஏககாலத்தில் இயக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரே இழை என்று வரையறுத்துவிடுகிறாள். இப்பொழுது 8 நொடிக்கு நான்கு பக்கங்கள் முடிகின்றன. 200 பக்கங்களும் 400 நொடியில் முடிந்துபோகின்றன. காலத்தில் சரிபாதி மிச்சம்!

இழைகளை ஒன்றாகக் குறைத்ததனால் வேலை விரைந்தது என்பதை இங்கே ஊன்றிக் கவனியுங்கள். அவள் அந்த எண்ணைக் குறைக்க வழியில்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நான்கு பிரதிகளும் தனித்தனியே நான்கு இழைகளை ஏவிப் பதினாறு இழைகள் நான்கு கோர்களுக்காகப் போட்டியிட்டிருக்கும். டெசராக்டில் இழைகளுக்கு வரம்பு கட்ட வழி இருப்பது நல்லதாயிற்று. அவ்வழி, 1997-இல் முதன்முதல் வெளியான ஓப்பன் எம்.பி. என்னும் பொதுமுறையினால் வந்தது. நிரலைத் திருத்தாமலே, அதை இயக்கும் முன்பு வெளியிலிருந்து ஓர் எண்ணைக் குறித்து வைத்தால், நிரல் அந்த எண்ணுக்கு அடங்கி நடக்கும்.

தன்னிடம் ஒரு பக்கம் இருக்கிறதா, இருநூறு பக்கம் இருக்கிறதா என்பது அந்த மாணவிக்குத்தான் தெரியும். நிரலை எழுதியவருக்குத் தெரியாது. அதுபோலவே, அந்தக் கணினி இப்பொழுது மின்சாரம் இல்லாமல் பாட்டரியில் ஓடுகிறது என்பதும், அதே நேரத்தில் தம்பி அதில் பாடம் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்பதும், சித்திரை வெயிலில் அது ஏற்கனவே சூடேறியிருக்கிறது என்பதும் அவ்வீட்டாருக்குத்தான் தெரியும். சூடு மிகுந்தால் நுண்செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் என்பதையும் நினைவில் வையுங்கள். விலையுயர்ந்த கணினி உடையவருக்கு இது ஒரு சிறு தொல்லை. ஒரே பழைய மடிக்கணினியை வீடு முழுவதும் பகிர்ந்துகொள்ளும் குடும்பத்துக்கு, அன்றைய பாடம் நடக்குமா, நின்றுபோகுமா என்ற கேள்வியாகவே அது ஆகிவிடும்.

கல்லூரி ஆய்வுக்கூடத்தில் பலர் கூடிப் பயன்படுத்தும் பெரிய கணினியிலும் இதே நிலைதான். அதில் 64 கோர்கள் இருக்கலாம். ஒரு மாணவருக்கு ஒதுக்கப்பட்டவை இரண்டாக இருக்கலாம். நிரல் 64-ஐ எண்ணிப் பார்த்து 64 இழைகளை எழுப்பினால், இரண்டு கோர்களின் மேல் அத்தனையும் ஏறிக்கொள்ளும். பொதுச்சொத்தை அளவறிந்து பயன்படுத்த விரும்பும் மாணவருக்கு, அவ்வளவைக் குறிக்கும் வழி இருக்க வேண்டாமா?

இழைகள் பெருகினால் நினைவகச் செலவும் பெருகக்கூடும். 1999-இல் முதன்முதல் வெளிவந்த செவன்-ஜிப் என்னும் கோப்புச் சுருக்கும் நிரலைத் திறந்து பாருங்கள். இழைகளின் எண்ணிக்கையைத் தேர்ந்தெடுக்க அதில் ஓர் இடம் உண்டு. எண்ணைக் கூட்டினால், எவ்வளவு நினைவகம் தேவைப்படும் என்ற கணக்கும் அருகிலேயே உயர்வதைக் காண்பீர்கள். உரிமையைக் கொடுப்பதோடு நில்லாமல், அதன் விலையையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது அந்நிரல். பிறர் பின்பற்றத்தக்க பண்பு அது.

கல்லூரி மாணவர்கள் அறிய வேண்டிய மற்றொரு காரணமும் உண்டு. தசமக் கணக்குகளில் கூட்டும் வரிசை மாறினால் விடையும் இம்மி மாறக்கூடும். மூன்று இலக்கங்களை மட்டுமே நினைவில் வைக்கும் ஒரு கணக்குப்பொறியை எண்ணிப் பாருங்கள். 100 உடன் 0.4-ஐக் கூட்டினால் அதற்கு 100 தான், மறுபடியும் 0.4-ஐக் கூட்டினாலும் 100 தான். ஆனால், 0.4 இரண்டையும் முதலில் கூட்டி 0.8 ஆக்கி, அதை 100 உடன் சேர்த்தால், விடை 101 ஆகிவிடும். கணினி பல இலக்கங்களை நினைவில் வைப்பதால் வேறுபாடு மிகச் சிறிது, எனினும் இல்லாமற்போவதில்லை. இழைகளின் எண்ணிக்கை மாறும்போது கூட்டலின் வரிசையும் மாறலாம். ஆகவே, ஓர் ஆய்வின் விடையை மற்றொருவர் சரிபார்க்க வேண்டுமாயின், எத்தனை இழைகளில் அக்கணக்கு நடந்தது என்பதை நிலைநிறுத்தும் வழி வேண்டும். நிரலில் பிழை தேடும்போதும், எல்லாவற்றையும் ஓர் இழையாக்கிப் பார்ப்பது கைகண்ட முறை.

இவ்வளவும் கேட்டபின், “அப்படியானால் ஒவ்வொரு நிரலும் தொடங்கும்போதே ‘எத்தனை இழை?’ என்று நம்மைக் கேட்க வேண்டுமா?” என்ற ஐயம் எழலாம். அதுவும் தொல்லையே. பெரும்பாலோர் இழையைப் பற்றி ஒன்றும் அறியாமலே கணினியைப் பயன்படுத்துகிறார்கள். அப்படிப் பயன்படுத்த அவர்களுக்கு முழு உரிமையும் உண்டு. ஆகையால், நல்ல நிரல் தானே ஒரு தக்க எண்ணைத் தேர்ந்து வேலையைத் தொடங்க வேண்டும். தான் தேர்ந்த எண் இன்னதென்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மாற்ற விரும்புவோருக்கு மாற்றும் வழியைத் திறந்து வைத்து, அவர் குறித்ததை அடுத்த முறையும் நினைவில் கொள்ள வேண்டும். ஒன்று என்று குறித்தால் ஒன்றிலேயே பிழையின்றி நடக்க வேண்டும். பொருளற்ற எண்ணைக் கொடுத்தால் அமைதியாக விழுங்கிவிடாமல் அறிவிக்க வேண்டும்.

வரம்பில்லாத உரிமையின் விளைவையும் ஓர் உதாரணத்தால் அறியலாம். நிரல்களைத் தொகுத்து உருவாக்கப் பயன்படும் ‘மேக்’ என்ற கருவிக்கு, ஒரே நேரத்தில் எத்தனை வேலைகள் நடக்கலாம் என்று ஓர் எழுத்தையும் ஓர் எண்ணையும் கொண்டு கட்டளையிடலாம். எழுத்தை மட்டும் இட்டு எண்ணை மறந்துவிட்டால், வரம்பே இல்லை என்று அது பொருள்கொள்ளும். பெரிய வேலையாக இருந்தால் நூற்றுக்கணக்கான வேலைகள் ஏககாலத்தில் கிளம்பிக் கணினி திணறிப்போகும். எண்ணைக் கொடுக்கும் உரிமையுடன், எண்ணை அறிந்து கொடுக்கும் பொறுப்பும் சேர்ந்தே வருகிறது.

அந்த எண்ணை அறிவது எப்படி? அதற்குப் பெரிய கல்வி வேண்டுவதில்லை. ஒரு கடிகாரமும் ஒரு தாளும் போதும். ஒரே வேலையை ஓர் இழையில் நடத்திக் காலத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இரண்டு, நான்கு, எட்டு என்று நடத்திப் பாருங்கள். சிறிது நேரமே ஓடும் வேலையைக் கொண்டு சோதித்தால் சூட்டின் விளைவு தெரியாது. ஆகவே, பத்து நிமிடமாவது ஓடும் வேலையாக இருக்கட்டும். எந்த எண்ணுக்கு மேல் காலம் குறிப்பிடும்படி குறையவில்லையோ, அந்த எண்ணோடு நின்றுவிடுங்கள். அதற்கு மேற்பட்ட கைகளை வேறு வேலைக்கு விட்டுவிடுவதே அறிவுடைமை. உங்களுள் சிலர் நாளை நிரல் எழுதுவோராக வருவீர்கள். அப்பொழுது, உங்கள் நிரல் எந்த வீட்டில், எந்தக் கணினியில், எந்தச் சூழ்நிலையில் ஓடப்போகிறது என்பதை நீங்கள் கண்ணால் காணமாட்டீர்கள் என்பதை மறவாதீர்கள்.

கருவி சிறியதாக இருக்கலாம், பழையதாகவும் இருக்கலாம். அதன் நிலையை அறிந்தவர் அதை வைத்திருப்பவரே. குருவிநத்தத்து வரப்பில் நின்று, வானத்தையும் வாய்க்காலையும் நாற்றங்காலையும் பார்த்து, “நாளைக்குப் பத்துப் பேர் போதும்” என்று சொல்கிறவருக்கு அந்த வயலைப் பற்றிய அறிவு இருக்கிறது. அந்த அறிவுக்கு இடம் கொடுக்கும் நிரலே நல்ல நிரல்.